பத்து நாள் விருந்தாளி

டீச்சர் இந்த ஊருக்கு வந்திருக்கிற விஷயத்தை முதலில் எனக்குச் சொன்னவன் ரேடியோதான். வகுப்பில் வாய் ஓயாமல் பேசுகிறான் என்று டீச்சரே வைத்த பெயர் அது. இப்போது பார்சல் வண்டி ஓட்டுகிறான். வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

"பையன் வீட்டுக்கு பத்து நாள் வந்திருக்காங்களாம்டா. புதன்கிழமை மத்தியானம் வரச் சொன்னாங்க. லீவு போட்டுடு. மானிட்டரும் வர்றா."

மானிட்டர் எங்கள் வகுப்புத் தலைவியாக இருந்தவள், இப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்குக் கம்பிக் கதவு, ஜன்னல் அடிக்கும் பட்டறையில் வேலை. மூவரும் ஒரே ஊரில்தான் பிழைக்கிறோம். ஆனால் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. இங்கே பக்கத்துத் தெருக்காரனைப் பார்க்கவும் ஒரு காரணம் வேண்டும்.

ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனோம். ஒன்பதாவது மாடி. மணி அடித்ததும் மரக்கதவு திறந்தது. டீச்சர் நின்றார். தலை முழுக்க வெளுத்திருந்தது, பார்வை மட்டும் பழைய பார்வை. அவருக்கும் எங்களுக்கும் நடுவே கம்பிக் கதவு. வெளிப்பக்கம் பூட்டு.

"மருமக வீட்ல இருப்பான்னு நெனச்சுத்தான் வரச் சொன்னேன். காலையில திடீர்னு ஆபீஸ்ல கூப்பிட்டுட்டாங்க. சாவி அவகிட்ட."

ரேடியோ சிரித்தான். "படிக்கிறப்பத்தான் வெளிய நிக்க வெச்சீங்க. இப்பவுமா டீச்சர்?"

"நீ வாயை மூடியிருந்தா அப்பவே உள்ள இருந்திருப்ப."

நாங்கள் நடைபாதையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். டீச்சர் உள்ளே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பிஸ்கட் கம்பி இடுக்கில் வந்தது. டீ டம்ளர் வரவில்லை. ஆப்பிளும் உள்ளே போகவில்லை. டீச்சர் கத்தியை நீட்ட, மானிட்டர் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுத்தாள்.

"வாயைக் காட்டறேன், டீயை அப்படியே ஊத்திடுங்க டீச்சர்" என்றான் ரேடியோ.

லிஃப்டிலிருந்து இறங்கிய பக்கத்து வீட்டு அம்மா எங்களை முறைத்துப் பார்த்துவிட்டுத் தன் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஏன் டீச்சர் பூட்டிட்டுப் போறாங்க?" மானிட்டர் மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு தடவை கீழ போனேன். எல்லாக் கட்டடமும் அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணுபோல நிக்குது. திரும்பி வர வழி தெரியலை. பையன் ஆபீஸை விட்டு ஓடி வந்தான். மறுநாளே பூட்டு வந்துடுச்சு."

"நெருப்பு கிருப்பு பிடிச்சா?"

"அதைக் கேக்காம இருப்பேனா? 'ஏம்மா அபசகுனமா பேசறே'ங்கறான்."

கொஞ்ச நேரம் பழைய கதை பேசினோம். யார் யாரைப் பார்த்து எழுதினார்கள், யார் யாரைக் காதலித்தார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னார். பேச்சுக்கு நடுவே சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"டேய் தூங்குமூஞ்சி, உன் தொழிலே இதுதானே. இதைத் திறக்க முடியுமா?"

வந்ததுமே பார்த்துவிட்டேன். தொழில் புத்தி. சட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கீல் முளையில் கதவைச் சும்மா செருகியிருந்தார்கள். தூக்கினால் வராதபடி மேலே ஒரு பொட்டு வெல்டிங் வைக்க வேண்டும். மாட்டியவன் சோம்பேறி.

"முடியும் டீச்சர்."

மானிட்டர் பதறினாள். "பையன்கிட்ட போன்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"நான் பெத்தவன்கிட்ட நான் அனுமதி கேக்கணுமா?"

அவள் நகர்ந்து வழி விட்டாள். நானும் ரேடியோவும் தோள் கொடுத்துத் தூக்கினோம். கீல் பக்கம் கழன்றது. பூட்டு பூட்டியபடியே தொங்கியது. அந்த இடுக்கு வழியாக டீச்சர் வெளியே வந்தார். செருப்பு ஏற்கெனவே காலில் இருந்தது.

கீழே அவர் நடந்த வேகத்துக்கு எங்களால் ஈடு கொடுக்க முடியவில்லை. ஒரு கடையில் ஊக்கு வாங்கினார். பெரிசு, சின்னது, கறுப்பு என்று எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தார். கடைக்காரர் சலித்துக்கொண்டார். டீச்சர் அவசரப்படவில்லை. பிறகு டீக்கடை பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தோம்.

எனக்குத் தைரியம் வந்தது. "டீச்சர், ஊருக்குக் கிளம்புங்க. இப்பவே நான் பஸ் ஏத்தி விடறேன்."

"ஊர்ல எங்க போறது?"

"உங்க வீட்டுக்கு."

"அதை வித்துத்தான்டா இந்த ஒம்பதாவது மாடி. நான்தான் கையெழுத்துப் போட்டேன். யாரும் கையைப் பிடிச்சு இழுக்கலை."

"பத்து நாள்னு சொன்னீங்களே!" என்றான் ரேடியோ.

"பத்து நாள்னாதான் வருவீங்க. இங்கயேதான் இருக்கேன்னு சொன்னா, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுடுவீங்க."

அடுத்துச் சொல்ல வேண்டிய வார்த்தை என்னவென்று மூன்று பேருக்கும் தெரியும். 'எங்க வீட்டுக்கு வாங்க டீச்சர்.' என் அறையில் ஆறு ஆண்கள். நான் எழுந்த பாயில் இன்னொருவன் படுப்பான். மானிட்டர் வீட்டுக் கூடத்தில் மாமியார் படுத்த படுக்கை. ரேடியோவுக்கு என்ன கஷ்டமோ, அவனும் தன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டீச்சர் எங்கள் மூன்று முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்தார்.

"போலாம். அவன் வர்ற நேரம். நான் இல்லைன்னா பயந்துடுவான். போன தடவை லிஃப்ட் வாசல்ல உக்காந்து அழுதான்டா, அவ்வளவு பெரிய ஆம்பளை."

"நான் அவர்கிட்ட பேசறேன் டீச்சர்" என்றேன்.

"என்னன்னு? பூட்டைத் தொடாமலே கதவைக் கழட்டினேன்னா? நாளைக்கே ஆளைக் கூட்டிட்டு வந்து அதையும் இறுக்கிடுவான். சும்மா இரு."

மேலே வந்து இடுக்கு வழியாக உள்ளே போனார். நாங்கள் கதவைத் தூக்கினோம். கழற்றியது சுலபம், மாட்டுவது பெரும்பாடாக இருந்தது. நெஞ்சோடு கதவை அணைத்துப் பிடித்திருந்ததால் கீழ் முளை என் கண்ணுக்குத் தெரியவில்லை. ரேடியோவுக்கு மூச்சு வாங்கியது.

"இரு" என்று டீச்சர் உள்ளே தரையில் மண்டியிட்டார். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு முளையைக் குனிந்து பார்த்தார்.

"உன் பக்கம் இல்லைடா, என் பக்கம். இன்னும் கொஞ்சம் தூக்கு. ம், நேரா வந்துடுச்சு. இப்ப விடு."

விட்டேன்.