ஓசிச் சிகரெட்

சலவை ஆலையில் பாய்லர் பார்ப்பவருக்குப் புகைபோக்கி என்று பட்டப்பெயர். சிகரெட்டை விட்டுவிட்டதாக மனைவியிடம் சத்தியம் செய்து வருடக்கணக்காகியும் பெயர் அவரை விடவில்லை. அவர் நியாயப்படி அது பொய்ச் சத்தியமும் இல்லை. கடையில் வாங்குவதில்லை, ஷிப்டில் யாராவது நீட்டினால் மறுப்பதில்லை, அவ்வளவுதான். காசு கொடுக்காதது பழக்கத்தில் சேராது.

ஆலையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹோமோசிஸ்டைன் என்று ஏதோ ஒன்று ஏறிக் கிடந்தது. கூடினால் ரத்தக்குழாய்க்கு ஆகாதாம். நைட் ஷிப்ட் முடிந்து தூங்காமல் டாக்டரிடம் போனபோது மனைவியும், கைக்குழந்தையோடு மகளும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

டாக்டருக்கும் தூங்காத முகம்.

"சிகரெட், குடி?"

"எல்லாம் விட்டாச்சுங்க."

"காபி?"

"குடத்துல ஊத்திக் குடுத்தாலும் பத்தாது," என்றாள் மனைவி.

"கீரை, காய்?"

"தெனமும் கட்டிக் குடுக்கறேன் டாக்டர். டப்பா காலியாத்தான் வருது."

டப்பா காலியாவது வாஸ்தவம். ஷிப்டில் துணி மடிப்பவருக்குக் கீரை என்றால் உயிர். அவர் கீரையை எடுத்துக்கொண்டு சிகரெட்டை நீட்டுவார்.

"சாப்பாடு சரி, கெட்ட பழக்கமும் இல்ல. காபி மட்டும் இவ்வளவு ஏத்தாது. அப்ப பரம்பரையா இருக்கலாம். பொண்ணுக்கும் பாத்துடுவோம்."

"இவர் வீட்டு ஆளுங்க எல்லாரும் நெஞ்சப் புடிச்சிக்கிட்டே போனவங்கதான்," என்றாள் மனைவி.

மகள் குழந்தையைப் பார்த்தாள். "அப்ப இவளுக்கும் வருமா டாக்டர்?"

வாயை மூடிக்கொண்டு வீடு போய்ப் படுக்கத்தான் புகைபோக்கியின் உடம்பு கெஞ்சியது.

"டாக்டர்... நான் வாங்கறதில்ல. குடுத்தா புடிப்பேன்."

"யார் குடுக்கறா?"

"ஆளுக்கு ஒண்ணு குடுப்பாங்க."

"ஷிப்டுல எத்தனை பேரு?"

அவர் தரையைப் பார்த்தார். "கொஞ்சம் பெரிய ஷிப்டுங்க. கீரையும்... கை மாறிடுது."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "மொதல்ல இதையெல்லாம் நிறுத்துங்க. மாத்திரை எழுதறேன். அப்பவும் எறங்கலேன்னா பொண்ணப் பாக்கலாம்."

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: "உங்க வாயிலேர்ந்து ஒரு உண்மை வர, பச்சப் புள்ளைய முன்னால நிறுத்த வேண்டியிருக்கு."

அவர் பேத்தியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். மகள் கொடுக்கவில்லை.

"மொதல்ல கையக் கழுவிட்டு வாங்கப்பா," என்றாள்.

அவர் குழாயைத் தேடிக்கொண்டு நடந்தார்.