வெல்டா ஆற்றில் கால் வைக்காதே

"இறங்காத! ஐவின், கால வைக்காத!"

காரின் கதவைக்கூடச் சாத்தாமல் கரைக்கு ஓடினாள் ராக்னில். தண்ணீருக்கு மேல் ஒரு காலைத் தூக்கியபடி திரும்பிப் பார்த்தான் தம்பி.

"என்னக்கா, கரடி துரத்துதா?"

"மேல வாடா முதல்ல!"

வந்தவனின் கைவலையைப் பிடுங்கித் தடவினாள். உலர்ந்திருந்தது. அவன் மார்புவரை மாட்டியிருந்த ரப்பர் ஆடையை முகர்ந்தாள்.

"உன் புருஷனைக்கூட இப்படி மோந்து பாத்திருக்க மாட்டே."

"வாய மூடு. மலைக்கு அந்தப் பக்கம், ஹோர்லா ஆத்துல புழு வந்துடுச்சாம். இப்பதான் போன் வந்தது. முந்தாநாள் நீ அங்கதானே தூண்டில் போட்டே?"

அவன் சிரிப்பு நின்றது.

கடுகைவிடச் சின்னப் புழு. சால்மன் குஞ்சுகளின் தோலில் ஒட்டிக்கொண்டு, அரித்தே கொன்றுவிடும். மலை தாண்டி வர அதற்குக் கால் கிடையாது. ஈரமான வலையோ, உடுப்போ தூக்கி வந்தால்தான் உண்டு. வந்துவிட்டால் அரசுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: ஆறு முழுக்க விஷம். ஒரு மீன் மிஞ்சாது.

கடல் சூடேறியதிலும், கடலில் கூண்டு கட்டி மீன் வளர்க்கும் பண்ணைகளிலிருந்து பரவும் கடல்பேன் ஒட்டுண்ணியாலும், இந்த வெல்டா ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் ஏற்கெனவே பாதியாகியிருந்தது. மிச்சத்தைக் காக்கும் ஆற்றுக் காவலர் ராக்னில்.

"மருந்துத் தொட்டியில முக்கினியா?"

"எல்லாத்தையும் முக்கினேன். ஒரு நாள் முழுக்க வெயில்ல காயவும் வெச்சேன். சத்தியமா."

மருந்து வாடை அடித்தது உண்மைதான். ராக்னிலுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. பாறையில் உட்கார்ந்தாள்.

"உசுரே போயிடுச்சுடா. போ, போய்த் தூண்டில் போடு."

அவன் போகவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"அக்கா... செத்த மீன் மேல அந்தப் புழு உயிரோட இருக்குமா?"

"ஈரம் காயலைன்னா ரெண்டு மூணு நாள் இருக்கும். ஏன் கேக்கறே?"

அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஐவின், ஏன் கேட்டே?"

"நேத்து உன் பிறந்தநாளுக்குச் சமைச்சேனே, சால்மன்..."

"கடையில வாங்கினேன்னு சொன்னியே!"

"ஹோர்லாவுல பிடிச்சதுக்கா. வேற ஆத்து மீனை இங்க கொண்டு வந்தா நீ கத்துவேன்னு பொய் சொன்னேன்." ஆற்றின் மேல்பக்கத்தைக் கையால் காட்டினான். "உன் வீட்டுக்கு மேல, இதே ஆத்துல, குஞ்சுங்க மேயற அந்த ஆழமில்லாத இடத்துலதான் வயித்தைக் கீறிக் கழுவினேன்."