ஆபி என்று கூப்பிட்டவன்

1

முதலில் கிடைத்தது சொல்தான், கதை அல்ல. 'ஆபி'. துருக்கியில் அண்ணன் என்று பொருள். 'அகா', 'பெய்' என்று பெரிய மனிதர்களுக்கான இரண்டு சொற்கள் சேர்ந்து, பேச்சில் தேய்ந்து இப்படி ஆனதாம். (அகராதிக்கு இது நான்கு வரி. எனக்கு, வாசித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க ஒரு மாலை தேவைப்பட்டது.)

2

1998, சான் ஹோசே. அலுவலகத்தில் நஞ்சுண்டனின் பக்கத்து இருக்கைக்காரன் தைஃபூன், இஸ்தான்புல்காரன். அவன் கண்கள் போஸ்பரஸ் நீரிணையின் [போதும், நான் அந்தத் தண்ணீரைப் பார்த்ததில்லை].

"ஆபி, கமிங் ஃபார் காபி?" என்பான். கூடப்பிறந்தவர்கள் இல்லாத நஞ்சுண்டன், அர்த்தம் தெரிந்த அன்று கொஞ்சம் நிமிர்ந்து நடந்தான். பிறகொரு நாள் தைஃபூனின் கார் நின்றுபோனது. அதை இழுத்துப்போக வந்த டெக்சாஸ்காரனையும் அவன் 'ஆபி' என்றான்.

நஞ்சுண்டன் வீட்டில் முறையிட்டான். "யாமினி, விசாரிச்சா அவன் என்னைவிட ரெண்டு வயசு பெரியவன். என்னைப் போய் அண்ணாங்கறான்."

"இந்தியன் ஸ்டோர்காரரை நீங்க அங்கிள்ங்கறீங்க. அவர் என்ன உங்க சித்தப்பாவா?" என்றாள் மனைவி.

3

யாமினி இரண்டாவது முறை கர்ப்பமாக இருந்தாள். உதவிக்கு வரவேண்டிய அவள் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. தெரிந்த குடும்பங்கள் லாங் வீக்எண்டுக்கு வேகாஸ் போயிருந்த ஞாயிறு மதியம், டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருக்கும்போதே வலி எடுத்தது. நான்கு வயதுத் தென்றலை யாரிடம் விடுவது?

"தைஃபூனைக் கூப்பிடுங்க."

"அவன் எல்லாரையும்தான் ஆபிங்கறான். அதை நம்பி எப்படிக் கேக்கறது?"

"சரி, நீங்க யோசிச்சு முடிங்க. நான் போய்ப் பெத்துட்டு வந்துடறேன்."

தென்றல் ஷூவை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றாள். "அப்பா, ஜஸ்ட் கால் ஹிம்."

4

முதல் பிரதியில் தைஃபூன் பத்து நிமிடத்தில் வந்து நின்றான். அழித்தேன், ஒரு சொல் அவ்வளவு சுலபமாக ஜெயிக்கக் கூடாது. இரண்டாவதில் மன்னிப்புக் கேட்டு மறுத்தான். அதையும் அழித்தேன், ஏனென்றால் எனக்கு

(இங்கே வெகுநேரம் எதுவும் எழுதவில்லை.)

நான் எதை அழித்தாலும், நஞ்சுண்டன் எண்களை அழுத்திவிட்டான். மறுமுனையில் மணி அடிக்கிறது. யாமினி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறாள். அவளைக் காக்கவைத்து முடிவு யோசிக்க எனக்கு மனம் வரவில்லை.

வாசகரே, எழுந்திருங்கள். ஃபோன் அடிப்பது உங்கள் வீட்டில்தான்.