தன்னந்தனியாகச் செய்த ஜாம்

சுலக்ஷனா சுவரில் தட்டினால் நான் ரேடியோவை நிறுத்த வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள சுவர் கூரை வரைக்கும் எழும்பாது. எங்கள் வீட்டில் இருமினால் பக்கத்து வீட்டில் அவள் எடுக்கும் வீடியோவில் கேட்கும். அடுப்பில் தாளிக்கக் கூடாது, என் மூன்று வயது மகள் வாய் திறக்கக் கூடாது. நான் கொழுந்து பறித்துவிட்டு வந்து காலை நீட்டும் நேரத்தில்தான் அவளுக்கு வெளிச்சம் சரியாக இருக்கும். நானும் ஊமை மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

அவள் விற்பது மரத்தக்காளி ஜாம். கொழும்புக்குப் போன புருஷன் அங்கே வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்று தெரிந்த வருஷம், அழுது முடித்துவிட்டு ஆரம்பித்தாள். பின்னேரங்களில் நான் போய்ப் பழத்தைச் சுடுதண்ணீரில் போட்டுத் தோல் உரிப்பேன். பதம் பார்ப்பதும் நான்தான். போத்தல்களைப் பொகவந்தலாவையில் பஸ் ஏற்றிவிடுவது என் வீட்டுக்காரர் லியனார்ட். கூலி கேட்டதில்லை. நான் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போனால் என் பிள்ளையை அவள் பார்த்துக்கொள்வாள், அதற்கு இது சரி.

முதல் வீடியோவில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். பூசைக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு நான் நடுவில் நின்றேன். லயத்துக்காரர்களைத் தவிர ஒரு ஈ காக்காய்கூட அதைப் பார்க்கவில்லை. பிறகு அவள் ஹட்டனில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனாள். அங்கே பாடம் நடத்திய றொனால்ட் சேர் என்று ஒருவர், "கூட்டமா நின்னா யாரு மனசுலயும் ஒட்டாது. ஒரு பொம்பள, ஒரு கஷ்டம், ஒரு அடுப்பு. அதாம்மா பிராண்ட்" என்று சொல்லி அனுப்பினாராம். மகராசன்.

அடுத்த வீடியோவில் அவள் மட்டும்.

"எனக்குன்னு யாரும் இல்லீங்க. பழம் உரிக்கிறதுலருந்து போத்தல் மூடுறது வரைக்கும் ஒத்தையாதான் செய்றேன்."

உரித்துவிட்டு வந்த கையோடு சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைக் கேட்டேன். சரியாக வரவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். லியனார்ட் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீடியோ ஓடியது, எங்கெங்கோ ஓடியது. டுபாயிலிருந்தெல்லாம் அழுது எழுதினார்கள். அதைப் போனில் பார்த்து நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன் என்றால் பாருங்களேன்.

"கோவமா யூஜினாக்கா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கோவப்படவும் தெம்பு வேணும்டி. பழத்த எடு."

"கொஞ்ச நாளைக்கித்தான்க்கா. பேரு வந்துட்டா நம்ம எல்லாரையும் காட்டுவேன்."

நம்பினேன். அவள் முகமும் ஓய்ந்துதான் கிடந்தது. புருஷன் விட்டுப்போன கதையை ஒவ்வொரு வாரமும் புதிதாகச் சொல்ல வேண்டும். மறந்து தொலைக்கவும் வழியில்லை.

இப்படி இருக்கும்போது கொழும்பில் ஒரு பெரிய கடை அவள் ஜாமைக் கேட்டது. முதலில் தங்கள் ஆட்களே வந்து ஒரு வீடியோ எடுக்க வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவதாகச் சொன்னவர்கள் காலையிலேயே வந்து நின்றார்கள். ஷிராணி என்று ஒரு பெண், கூடவே ஒரு கெமராக்காரர். அந்த நேரம் சுலக்ஷனாவின் அடுப்படியில் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தது நான். முழங்கை வரைக்கும் பழச்சாறு.

"இவங்க யாரு?" என்று ஷிராணி கேட்டாள். "ஒங்ககிட்ட வேலை செய்றவங்களா?"

சுலக்ஷனா என்னைப் பார்த்தாள். எல்லோரையும் காட்டுவேன் என்றாளே, காட்டுவதற்கு இதைவிட நல்ல நேரம் வராது. கெமராவைப் பார்த்தாள். கொழும்புக் கடை கைவிட்டுப் போனால் அவளும் என்னைப் போலக் கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டியதுதான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"பக்கத்து வீடுங்க" என்றேன் நான். "கொஞ்சம் சீனி கேட்டு வந்தேன். வந்த எடத்துல சும்மா கை போட்டேன்."

அவள் ஒரு கோப்பையில் சீனியை அள்ளி நீட்டினாள்.

"இவ்வளவு கஷ்டத்துலயும் அக்கம்பக்கத்துக்குக் குடுக்கிறீங்களே" என்று ஷிராணி மெச்சினாள்.

வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கோபம் அவள்மேலா, என்மேலா என்று பிரித்துப் பார்க்கவும் அலுப்பாக இருந்தது.

அந்தப் பக்கம் ஆரம்பித்துவிட்டார்கள். என் மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மடியில் இழுத்து, வாயில் சீனியைப் போட்டேன்.

"எனக்குன்னு யாரும்..." என்ற சுலக்ஷனா நிறுத்திவிட்டாள்.

கூப்பிடப் போகிறாள் என்று எழுந்தே விட்டேன்.

அழுகைதான் கேட்டது. புருஷன் சங்கதி தெரிந்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. "நிப்பாட்டாதீங்க, நல்லா வருது" என்று ஷிராணி கெமராக்காரரிடம் மெதுவாகச் சொன்னதும் கேட்டது.

அந்த வீடியோதான் எல்லாவற்றையும் மிஞ்சி ஓடியது. பாவம், புருஷனை நினைத்து அழுகிறாள் என்று ஊர் உலகமெல்லாம் எழுதியது. கடைக்காரர்கள் பெரிய ஓடர் கொடுத்தார்கள்.

பழம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிய அன்று பின்னேரம் அவள் என்னைக் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவாள்? ஆனால் அது ஒருத்தியால் ஆகிற வேலையில்லை. நானாகத்தான் போனேன்.