ஆளுக்கு அரை மீட்டர்

எங்கள் கடல் வானிலை அலுவலகத்திலிருந்து கடல் தெரியாது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஜன்னலைத் திறந்தால் ஒரு வாகன நிறுத்தம், அதற்கு அப்பால் ஒரு மெத்தைக் கடையின் பின்சுவர். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நாங்கள் மூன்று பேரும் ஒரு சமுத்திரத்துக்கே காற்றும் அலையும் சொல்கிறோம். அதுவும் வெப்பமண்டலக் கடல். காலையில் கண்ணாடி போலக் கிடக்கும், மத்தியானம் திடீரென்று கறுத்து ஒரு கொட்டு கொட்டும், சாயங்காலம் ஒன்றுமே நடக்காதது போல முகத்தை வைத்துக்கொள்ளும். ஆயிரம் மைலுக்கு அப்பால் எங்கோ ஒரு புயல் தும்மினால், இரண்டு நாள் கழித்து அதன் அலை எங்கள் துறைமுக வாசலுக்கு வந்து நிற்கும்.

மூன்று பேர் என்றால் நான், எங்கள் மேடம், அப்புறம் குடை. குடை என்பது நாங்கள் வைத்த பெயர். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் "எதுக்கும் ஒரு தூறல் போட்டு வைப்போம்" என்று அறிக்கையில் தூறல் சேர்க்கிற மனுஷன். நேரில் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு எனக்குக் கல்யாணம். பதிவு அலுவலகத்தில். மாப்பிள்ளை ஒரு சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசர். கப்பல் காலையில் துறைமுகத்துக்குள் வரும், அவர் லீவு போட்டு இறங்குவார், கையெழுத்துப் போடுவோம். நண்பகலுக்குள் உள்ளே வர முடியாவிட்டால் கப்பல் காத்திருக்காது. அடுத்த துறைமுகம், அதற்கடுத்து உலகத்தின் மறுகோடி. அப்புறம் நாலு மாசம் கழித்துத்தான் அவர் முகத்தைப் பார்க்கலாம். ஏற்கெனவே ஒரு தடவை அப்படித் தள்ளிப்போனது. இன்னொரு தடவை தாங்க எனக்குத் தெம்பில்லை.

ஆனால் அந்த வாரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தலைகால் புரியாமல் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் பத்திரிகை கொடுத்தேன். துறைமுக வானொலிக்காரர், கப்பல்களை உள்ளே கூட்டி வருகிற பைலட், அவருடைய படகோட்டி, கலங்கரை விளக்கத்துக் காவலாளி, மெத்தைக் கடை முதலாளி, யாரையும் விடவில்லை. எல்லோரும் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டார்கள். ஒரே ஒருவர் மட்டும் உறையைக்கூடப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தார். என் அப்பா.

அப்பா பல் வைத்தியர். துறைமுக வாசலுக்கு எதிரே நாலாவது மாடியில் அவருடைய கிளினிக். "கப்பல்காரன் வேண்டாம். அவன் கடல்ல இருப்பான், நீ ஜன்னல்ல இருப்ப. எனக்கு இதுல இஷ்டம் இல்ல" என்றார். நான் அழுதேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். இரண்டு மாதமாகப் பேச்சு இல்லை.

இனி எங்கள் அலுவலக விதிகள். அலை இரண்டரை மீட்டரைத் தொடும் என்று அறிக்கை சொன்னால் துறைமுகத்தை மூடிவிடுவார்கள். அறிக்கை எழுதுகிறவருக்கு வேண்டியவர் அந்தக் கடலில் இருந்தால், இன்னொருவர் அதைச் சரிபார்க்க வேண்டும், மேடம் கையெழுத்துப் போட வேண்டும். ஆசை, கணக்கில் கை வைக்கும் என்பது மேடத்தின் கட்சி.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அறிக்கையை நான்தான் எழுதினேன். தெற்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு இருந்தது, அதன் அலை வந்துகொண்டிருந்தது. கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டும் ஒன்றரை மீட்டர்தான் வந்தது. ஒன்றரை! கப்பல் தாராளமாக வரலாம். எழுந்து ஒரு சுற்று சுற்றினேன். நாற்காலியும் என்னோடு சுற்றியது.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். இப்படிக் குதிக்கிறவள் போட்ட கணக்கு சரியாக இருக்குமா? என் ஆசை அரை மீட்டரையாவது முழுங்கியிருக்கும். மனசைக் கல்லாக்கிக்கொண்டு இரண்டு மீட்டர் என்று எழுதி, கண்ணை மூடிக்கொண்டு சரிபார்க்கக் குடைக்கு அனுப்பினேன். இரண்டு என்றாலும் துறைமுகம் திறந்துதானே இருக்கும்?

காலையில் வந்து பார்த்தால், வெளியே போன அறிக்கையில் மூன்று மீட்டர். துறைமுகம் மூடல்.

முதலில் துறைமுக வானொலிக்காரர் கூப்பிட்டார். மேடம் ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், கடல் தூங்கிக்கிட்டிருக்கு. எதுக்கு மூடச் சொன்னீங்க?"

"நீங்க இன்னிக்குக் கல்யாணத்துக்குப் போறீங்கதானே?"

"ஆமா, சாட்சிக் கையெழுத்தே நான்தான்."

"அப்ப நீங்க பேசக் கூடாது" என்று மேடம் வைத்துவிட்டார்.

அடுத்து கப்பலிலிருந்து தகவல் வந்தது. கப்பல்கள் தாங்கள் பார்க்கிற கடலை எங்களுக்கு எழுதி அனுப்புவது வழக்கம். அந்தக் கப்பலில் அதை எழுதுகிறவர் யார் தெரியுமா? என் ஆளேதான். 'அலை ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மேசையில் வைத்த காபி அசையவில்லை' என்று எழுதியிருந்தார்.

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். "காபி அசையலையாம். மாப்பிள்ளை நீந்தியே வந்துடுவார் போலிருக்கே."

"மிதவைக் கருவியும் அதே அளவுதான் காட்டுது மேடம்" என்றேன்.

"அது மேல பறவை உக்காந்து அழுத்தியிருக்கும்" என்றார் குடை. பறவை உட்கார்ந்து கடலை அழுத்துமா? கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

படகோட்டி கூப்பிட்டார், பத்திரிகை வாங்கியவர், தள்ளுபடி. கலங்கரை விளக்கத்துக் காவலாளி கூப்பிட்டார், தள்ளுபடி. மெத்தைக் கடை முதலாளிகூட வாகன நிறுத்தத்தில் நின்று ஜன்னல் வழியாகக் கத்தினார், "மேடம், நான் இப்பதான் கடற்கரைலேர்ந்து வரேன், ஒண்ணுமே இல்ல!" அவரும் தள்ளுபடி. மணி பத்தரை. எனக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், நான் ஒண்ணு சொல்லணும். கணக்குல வந்தது ஒன்றரைதான். எனக்கே என் மேல நம்பிக்கை இல்லாம அரை மீட்டர் சேத்துட்டேன்."

குடையின் காது சிவந்தது. "நீ சேத்தியா? நீ குறைச்சிருப்பேன்னு நெனச்சில்ல நான் அரை மீட்டர் சேத்தேன்!"

இருவரும் மேடத்தைப் பார்த்தோம். மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னொரு தடவை துடைத்தார்.

"இவர் உன் மேல பாவப்பட்டுக் குறைச்சிருப்பார்னு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. சிரிப்பு அவரை அமுக்கிவிட்டது. குடை மேசையில் கவிழ்ந்து குலுங்கினார். நான் சிரித்தேனா அழுதேனா என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஆளுக்கு அரை மீட்டர்! புயலே இவ்வளவு சிரமப்பட்டு அலை எழுப்பியிருக்காது.

"அப்ப திருத்தி அனுப்பிடலாமா மேடம்?"

"அனுப்பலாம். ஆனா மூடின துறைமுகத்தத் திறக்கணும்னா வெளியாள் ஒருத்தர் கடலக் கண்ணால பாத்துச் சொல்லணும். அது விதி. நான் மீற மாட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உன் பத்திரிகை வாங்காத ஆள் ஒருத்தராவது இந்த ஊர்ல இருக்காங்களா?"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒருத்தர் இருக்கார். ஆனா அவர் இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாதுன்னு இருக்கறவர்."

"ரொம்ப நல்லது. நம்பர் சொல்லு."

சொன்னேன். எண்ணை அழுத்தியது குடைதான். மணி அடித்தது. கிளினிக்கில் பல் ராவுகிற மெஷினின் உறுமல் கேட்டது.

"யாருங்க? வாய்க்குள்ள கை வச்சிருக்கேன், சீக்கிரம் சொல்லுங்க."

மேடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு விஷயத்தையும், பத்திரிகை வாங்கியவர்கள் சாட்சி சொல்லக் கூடாது என்பதையும் சொன்னார். துறைமுக வாசல் சுவரின் முனையில் ஒரு விளக்குக் கம்பம் நிற்கிறது, அதன் கீழ்ப்படியில் அலை ஏறுகிறதா என்று ஜன்னலில் பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"அலை ஏறினா?"

"துறைமுகம் மூடியே இருக்கும். கப்பல் போயிடும்."

உறுமல் நின்றது. காலடிச் சத்தம் கேட்கவில்லை. ஜன்னல் திறக்கிற சத்தமும் கேட்கவில்லை. நான் மெத்தைக் கடைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'ஏறுது' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் நினைத்தது நடந்துவிடும். அவரைக் கேட்க ஆள் இல்லை. அலை ஏறவில்லை என்று அவருக்கு எதிராகச் சொல்ல இந்த ஊரில் எல்லோரும் இருக்கிறார்கள், ஆனால் எல்லோரும் என் பத்திரிகையை வாங்கிவிட்டார்கள்.

"எழுந்து போய்ப் பாத்துச் சொல்லுங்க டாக்டர்" என்றார் மேடம்.

"பாக்க வேண்டியதில்லைங்க. விடிஞ்சதுலேர்ந்து ஜன்னல்லதான் நாற்காலியப் போட்டு வச்சிருக்கேன். நோயாளியையும் இங்கயே உக்கார வச்சிட்டேன்." அப்பா தொண்டையைச் செருமினார். "கீழ்ப்படி காஞ்சு கிடக்கு. அலையே இல்ல. வெள்ளைக் கப்பல், பக்கத்துல சிவப்புக் கோடு, ரொம்ப நேரமா சும்மா நிக்குது. பாவம், அந்தப் பையன உள்ள விடுங்க."

பின்னால் யாரோ "ஆஆ, ஆஆ" என்றார்கள்.

"வாயில பஞ்சு இருக்கறவரும் அதையேதான் சொல்றார்" என்றார் அப்பா.

மேடம் கையெழுத்துப் போட்டார். திருத்திய அறிக்கையை வானொலியில் படிக்க என்னைத்தான் உட்கார வைத்தார்கள். காற்று மிதமானது, அலை ஒன்றரை மீட்டர், பிற்பகலில் ஓரிரு இடங்களில்... குடை விரலை உயர்த்தினார். சரி போகட்டும், தூறல் என்றும் படித்தேன். என் குரலில் இருந்த குதூகலத்தைக் கேட்டு எத்தனை கப்பல்கள் பயந்தனவோ.

படித்து முடித்துத் திரும்பினால் மேடம் ரிசீவரை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். அப்பா இன்னும் வைக்கவில்லை.

"அப்பா."

"ம். சாட்சி சொல்லி முடிச்சாச்சுல்ல?"

"முடிச்சாச்சுப்பா."

"இனிமே ஒண்ணும் தப்பில்லையே?"

"எதுல தப்பில்ல?"

"அந்தப் பத்திரிகைய எடுத்துட்டு வா" என்றார் அப்பா. "நானும் வாங்கிக்கறேன்."