லின் வீட்டு ஊலோங்

ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவனுக்குப் பாதை பழகுமுன் அடக்கப் பழகிவிட வேண்டும். பனியில் பஸ் சறுக்கினாலும், கடைசித் தரிப்பிடத்துக் கழிப்பறை பூட்டியிருந்தாலும், முகத்தில் ஒன்றும் தெரியாமல் அடுத்த சுற்றுக்குக் கிளம்ப வேண்டும். தில்லைநாதன் இதில் மன்னன். இருபது வருடத்துக்கு மேலாக ஓட்டுகிறார், ஒரு நாளும் வழியில் இறங்கினதில்லை என்று தான் குடியிருக்கும் பியோர்ண்டால் முழுக்கச் சொல்லித் திரிவார். அந்தப் பெருமையைச் சுமந்துகொண்டுதான் அந்தச் சனிக்கிழமை லின் வீட்டுப் படியேறினார். பாவம் மனிசன்.

லின், தில்லைநாதனின் மகள் கம்சிகா கட்ட விரும்பும் எரிக்கின் தகப்பன். சீனாவிலிருந்து வந்து ஒஸ்லோவில் ட்ராம் ஓட்டுகிறவர். பஸ் ஓட்டுகிறவர்கள் ட்ராம் ஓட்டுகிறவர்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வளைக்கத் தெரியாதவன்தான் தண்டவாளத்தில் ஓட்டுவான் என்பது தில்லைநாதனின் கட்சி. அதை அன்று வெளியே விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் போயிருந்தார், ஏனென்றால் அவருக்கு லினிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது.

மகளுக்குத் தாலி கோயிலில் ஏற வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். எரிக்குக்குச் சம்மதம். ஆனால் தன் தகப்பன் முகம் கோணினால் நகரசபையில் கையெழுத்து வைப்பதோடு சரி என்று அவன் சொல்லிவிட்டான். லின் என்ன சொல்வாரோ என்ற பயத்தில் தில்லைநாதனுக்கு ஒரு கிழமையாகச் சோறு இறங்கவில்லை.

மனைவி சத்தியபாமாவுக்கு அன்று முதியோர் இல்லத்தில் வேலை. போகும்போது வாசலில் நின்று உத்தரவு போட்டுவிட்டுத்தான் போனாள்.

"இஞ்சாருங்கோ, குடுக்கிறதைச் சொட்டும் மிச்சம் விடாமல் குடியுங்கோ. குடிச்சு முடியுமட்டும் கோயில் கதையை எடுக்கக் கூடாது. வாயிலை வைச்ச உடனை காரியம் கதைச்சால், இதுகள் அதுக்குத்தான் வந்ததுகள் எண்டு நினைப்பினம்."

"அதுக்குத்தானே போறன்."

"அது அவைக்குத் தெரியத் தேவையில்லை."

லினின் மனைவியும் வேலைக்குப் போயிருந்தாள். இரண்டு பெண்களில் ஒருத்தியாவது அங்கே இருந்திருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை. கம்சிகாவும் எரிக்கும் தகப்பன்மாரை மனம்விட்டுக் கதைக்க விட்டுவிட்டு, கேக் வாங்கப் போனார்கள்.

லின் ஒரு மரத்தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதில் இரண்டு கோப்பைகள். கண்ணுக்கு மருந்து விடுகிற அளவில்தான் பிடிக்கும் போலிருந்தது. இதென்ன பெரிய வேலை என்று தில்லைநாதன் நெஞ்சை நிமிர்த்தினார். லின் ஒரு தகரப்பேணியைத் திறந்து கறுத்து முறுகிய இலைகளைக் காட்டினார். ஊலோங் தேயிலையாம். பழைய முறைப்படி கரித்தணலுக்கு மேலே வைத்து வறுத்து, ஆறப்போட்டு, கொஞ்சக் காலம் கிடக்கவிட்டு, திரும்பவும் வறுத்ததாம். இருவரும் கதைத்தது நோர்வேஜிய மொழி. இருவருடைய நோர்வேஜியமும் ஒரே அளவுக்கு நொண்டியதால், தில்லைநாதனின் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழுந்தது.

கொதிநீரை இலையில் ஊற்றிய லின், அந்தத் தேநீரை அப்படியே தட்டில் கொட்டினார். தில்லைநாதன் திடுக்கிட்டுப் போனார்.

"ஏதும் விழுந்திட்டுதோ?"

"இல்லை, இல்லை. முதல் தண்ணி இலையை நித்திரையாலை எழுப்பிறதுக்கு. குடிக்கிறதுக்கில்லை."

எழும்பிய இலை நல்ல கோபத்தோடுதான் எழும்பியிருந்தது. முதல் கோப்பையில் வறுத்த கோப்பியின் மணம், கொஞ்சம் கருகினாற்போல. நாக்கில் ஒரு கைப்பு. தில்லைநாதன் முகத்தைச் சுளிக்காமல் விழுங்கினார்.

"இந்தத் தேயிலையின்ரை குணம் அப்பிடி," என்றார் லின். "முதல் எரிஞ்சு விழும். பொறுத்திருக்கிறவனுக்குத்தான் பிறகு நல்ல முகம் காட்டும்."

தில்லைநாதனுக்குத் தன் மச்சான் ஸ்ரனிஸ்லாஸின் நினைவு வந்தது. அவர் பின்னேரம் வரை பொறுத்தும் நல்ல முகம் காட்டியதில்லை.

ஆனால் லின் சொன்னது உண்மை. மூன்றாம் கோப்பையில் நெருப்பு அடங்கிவிட்டது. அடுத்ததை விழுங்கிய பிறகு, நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தாற்போல், தொண்டையிலிருந்து ஒரு தித்திப்பு மேலே ஏறி வந்தது. சீனி ஒரு மணியும் போடவில்லை. தில்லைநாதன் கண்ணை மூடிக்கொண்டார். ட்ராம் ஓட்டுகிறவனிடம் இப்படியொரு சாமான் இருக்கிறதே என்று அவருக்குப் பொறாமையாகவும் இருந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் சுகமாக முடிந்திருக்கும். நிறுத்துவது எப்படி என்று இருவருக்கும் தெரியாததுதான் கரைச்சல். லின் வளர்ந்த வீட்டில், விருந்தாளி கோப்பையைக் காலி செய்தால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். போதுமென்றால் நிறைந்த கோப்பையை அப்படியே விட்டுவிட வேண்டும். தில்லைநாதன் வளர்ந்த வீட்டில், ஊற்றியதை மிச்சம் விட்டால் வீட்டுக்காரரை அவமதித்ததாகிவிடும். தில்லைநாதன் மரியாதைக்காகக் குடித்தார். லின் மரியாதைக்காக ஊற்றினார். விருந்தாளி தனியாகக் குடிக்கக் கூடாதென்று தானும் கூடவே குடித்தார். விருந்தாளி போதும் என்று காட்டும்வரை காரியம் பேசக் கூடாது என்பது லினின் வழக்கம். கோப்பை முடியும்வரை பேசக் கூடாது என்பது சத்தியபாமாவின் உத்தரவு. ஆகவே இரண்டு பேரும் வாயைத் திறந்தது குடிப்பதற்கு மட்டும்தான்.

தண்ணீர் கொதிக்கிற கேத்தில் இரண்டு தடவை புதிதாக நிரம்பியது. இலையில் நெருப்பும் போய், தித்திப்பும் போய், கடைசியில் வெறும் சுடுநீர்தான் வந்தது. மரியாதை மட்டும் குறையவில்லை. தில்லைநாதன் ஒரு காலை மற்றக் காலின்மேல் போட்டார். பிறகு மாற்றிப் போட்டார். எதிரே லின் நாற்காலி நுனியில், பிரேக்கை மிதிக்கிறவர் போல இரண்டு பாதத்தையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். இந்த மனிசனும் வண்டி ஓட்டுகிறவன்தானே, இலேசில் விடமாட்டான் என்று தில்லைநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. ட்ராமுக்குப் பஸ் தோற்பதா என்று ஒரு வீம்பும் வந்து சேர்ந்தது. லின் கேத்திலை உயரத் தூக்கி ஊற்றினார். தண்ணீர் விழுகிற அந்தச் சத்தத்தை மட்டும் தில்லைநாதனால் தாங்க முடியவில்லை.

எழும்பினார். அதே நேரத்தில் லினும் எழும்பினார். இருவரும் ஒன்றும் சொல்லாமல், ஓடாமல், ஆனால் நடக்கவும் செய்யாமல் வீட்டு நடைவழியால் விரைந்தார்கள். கழிப்பறைக் கதவு உள்ளே பூட்டியிருந்தது.

"ஆர் உள்ளுக்கை?" என்றார் தில்லைநாதன்.

"நான்தான் அப்பா," என்றாள் கம்சிகா. கேக்கோடு வந்தவர்கள் கதை குழம்பக் கூடாதென்று சத்தம் போடாமல் குசினிக்குள் போயிருந்தார்கள். "கோயில் விசயம் கதைச்சு முடிஞ்சுதோ?"

"இன்னும் தொடங்கேல்லை. நீ வெளியாலை வா பிள்ளை."

"இவ்வளவு நேரமும் என்ன செய்தனீங்கள்?"

"தேத்தண்ணி குடிச்சனாங்கள்."

ஒரு கிழமையாகச் சோறு இறங்காதது தகப்பனுக்கு மட்டுமில்லை, அவளுக்கும்தான். அவள், இரண்டு பேருக்கும் விளங்கட்டும் என்று, நோர்வேஜிய மொழியில் நிதானமாகச் சொன்னாள்.

"அப்ப அதிலை நிண்டு கதையுங்கோ. முடிவு சொன்னால்தான் திறப்பன்."

தில்லைநாதனுக்கு மகளை அடிக்கலாம் போலவும் இருந்தது, அவள் கெட்டித்தனத்தை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"லின், தாலி கட்டு கோயிலிலை நடக்க வேணும். அய்யர், மேளம், எல்லாம். உங்களுக்குச் சம்மதமோ?"

"சம்மதம், சம்மதம்," என்றார் லின். அவர் நெற்றியில் வேர்த்திருந்தது. "கலியாணத்தண்டு காலமை உங்கடை மகள் எங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தித் தரவேணும். அது எங்கடை வழக்கம். நீங்கள் கோவிப்பியளோ எண்டு எனக்குப் பயமாக் கிடந்தது."

"வாளியிலை தரட்டும்."

"மேளம் எவ்வளவு நேரம்?"

"நீங்கள் சொல்லுற அளவு."

"வேட்டி கட்ட வேணுமோ?"

"லின், அதைப் பிறகு பாப்பம்."

பூட்டு திறந்தது. கண் கலங்கியபடி கம்சிகா வெளியே வந்து, இருவரையும் ஒன்றாகக் கட்டிப்பிடித்தாள். சும்மா பிடிக்கவில்லை, இறுக்கிப் பிடித்தாள். அந்த நிலையில் அவர்கள் இருவரும் எப்படித் தாங்கினார்கள் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

விட்டதும் லின் ஒதுங்கி, உள்ளே போகும்படி தில்லைநாதனுக்குக் கையைக் காட்டினார். அந்த மனிதர் ஒரு காலை மற்றக் காலோடு பின்னிக்கொண்டு நின்றார். தன்னைப்போலவே ஒரு கிழமையாகப் பயந்துகொண்டிருந்த ஒருவர் என்று தில்லைநாதனுக்கு மனம் இளகிப்போயிற்று. உயிர் போகிற அவசரத்திலும் கதவைத் தொடவில்லை.

"நீங்கள் முதல் போங்கோ, சம்பந்தி," என்றார்.

சம்பந்தி போனார். கதவு சாத்தப்பட்டது. தில்லைநாதன் சுவரோடு சாய்ந்து, பல்லைக் கடித்து, மெல்ல மூச்சு விட்டுக்கொண்டு நின்றார். உள்ளே லின் ஏதோ ஒரு பழைய சீனப்பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினார். நீண்ட பாட்டு.