பட்டியலில் விடுபட்ட டொமைன்

“பள்ளிக்கூடத்தை இடையிலை விட்ட உனக்கு உந்தச் சேர்வர் வேலை எப்பிடி விளங்குது?” என்று பிறேம் அண்ணை ஒருநாள் கேட்டார். அவர் செய்வதையெல்லாம் பார்த்து எழுதிவைக்கும் என் குறிப்புக் கொப்பியை நான் மறைத்தேன்.

உடுவிலில் அவருடைய கணினி நிலையத்தில் வேலை செய்கிறேன். ஏழு பள்ளிக்கூடங்களின் ஆசிரியர்கள் எங்கள் சேர்வர் என்ற மையக் கணினி வழியாகத்தான் தங்கள் இணையக் கணக்குகளுக்குள் நுழைகிறார்கள். மின்னஞ்சல் முகவரியின் பின்பகுதியான டொமைன் பட்டியலில் இருந்தால்தான் அனுமதி. அந்தப் பட்டியல் பள்ளித் தவணைதோறும் மாறும். செவ்வாய்க்கிழமை மாலை ஒரு பள்ளிக்கூடத்தின் புதிய டொமைனைச் சேர்த்த அண்ணை, பழையதை அழித்துவிட்டார். அங்கே பலர் இன்னும் பழைய முகவரியில்தான் இருந்தார்கள். அதைக் கொப்பியில் எழுதினேன். அவரிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

புதன்கிழமை அந்தப் பள்ளிக்கூடத்து மர்ழியா ரீச்சர் மடிக்கணினியோடு ஓடி வந்தார். ஒரு மாணவியின் புலமைப்பரிசில் விண்ணப்பத்தை அவர் தன் கணக்கிலிருந்து அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும்.

“காலமை துவக்கம் உள்ளுக்கு விடுகுதில்லை, தம்பி” என்று அண்ணையிடம் சொன்னார்.

“பாஸ்வேட்டைப் பிழையா அடிக்கிறியள் ரீச்சர். எங்கடை சேர்வருக்கு உங்களோடை என்ன கோவம்?” என்று அண்ணை சிரித்தார்.

ரீச்சர் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார். நான் கொப்பியில் அந்தப் பக்கத்தை எடுத்தேன்.

“அண்ணை, பழைய டொமைனை எடுத்திட்டியள்” என்று நான் சொன்னபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அண்ணை அதை மீண்டும் சேர்த்தார். கணக்கு திறந்தது. ஆனால் விண்ணப்பங்களை ஏற்கும் நேரம் முடிந்திருந்தது.

“உனக்கு முதலே தெரியுமோ, பிள்ளை?” என்று ரீச்சர் என்னிடம் கேட்டார்.

“ஓம், ரீச்சர்.”

அவர் என் கையிலிருந்த கொப்பியைப் பார்த்தார். பிறகு மடிக்கணினியை மூடி எடுத்துக்கொண்டு வெளியேறினார்.